பனிக்கோளில் இருவர்: 'ரெட் டுவார்ஃப்' தொடரை எங்கிருந்து காட்டுவது?

சென்ற மாதம் தோழி ஒருத்தி 'ரெட் டுவார்ஃப்' தொடரில் ஒரே ஒரு எபிசோடைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணுதான். எதுன்னு நீயே முடிவு பண்ணு. பிடிச்சா அடுத்ததைப் பாக்கலாம்" என்றாள். அரை மணி நேரம் எனக்குக் கிடைத்திருந்தது. அந்த அரை மணி நேரத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்ய எனக்கு நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் வீணாகவில்லை என்றே நினைக்கிறேன். பல ஆண்டுகளாக நான் விரும்பிப் பார்த்துவரும் ஒரு தொடரில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது எது என்ற கேள்விக்கு அப்போதுதான் தெளிவான விடை கிடைத்தது.

தொடரை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். ராப் கிராண்ட், டக் நெய்லர் என்ற இரண்டு எழுத்தாளர்கள் உருவாக்கிய இந்த அறிவியல் புனைவு சிட்காம், 1988 பிப்ரவரி 15 அன்று பிபிசி 2 அலைவரிசையில் தொடங்கியது. ரெட் டுவார்ஃப் என்பது சுரங்கத் தொழிலுக்கான மாபெரும் விண்கலம். அதில் ஆகக் கீழ்நிலைத் தொழில்நுட்ப ஊழியனாக இருக்கும் டேவ் லிஸ்டர், நோய்த்தொற்றுச் சோதனை செய்யப்படாத ஒரு பூனையைக் கலத்துக்குள் ஒளித்து வளர்க்கிறான். அந்தக் குற்றத்துக்காக அவனைக் காலம் ஓடாத ஓர் அறைக்குள் அடைக்கிறார்கள். அவன் உள்ளே உறைந்திருக்கும்போது கதிர்வீச்சுக் கசிவு ஏற்பட்டு வெளியில் இருந்த அனைவரும் இறந்துவிடுகிறார்கள். கதிர்வீச்சு பாதுகாப்பான அளவுக்குக் குறைந்தபின் கலத்தின் கணினியான ஹாலி அவனை வெளியே விடும்போது 30 லட்சம் ஆண்டுகள் கடந்திருக்கின்றன. அவன் மனம் பேதலிக்காமல் இருக்கத் துணையாக ஹாலி திரும்பக் கொண்டுவருவது, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த மேலதிகாரி ஆர்னால்ட் ரிம்மரை. ரிம்மர் இப்போது ஒளியால் ஆன ஹோலோகிராம்; நினைவும் குணமும் பழையவை, உடல் மட்டும் இல்லை. இவர்களோடு, அந்தப் பூனையின் சந்ததி 30 லட்சம் ஆண்டுகளில் பரிணமித்து மனித உருவம் கொண்டதன் விளைவான, தன் அழகைத் தவிர வேறெதையும் எண்ணாத, பூனை என்றே அழைக்கப்படும் ஒருவன். பின்னர் வந்து சேர்பவன் கிரைட்டன் என்ற பணிவிடை இயந்திர மனிதன்.

இந்தத் தொடரில் வேற்றுக்கிரகவாசிகளே கிடையாது என்பது கிராண்டும் நெய்லரும் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதி. வழியில் எதிர்ப்படும் விசித்திர உயிர்களும் இயந்திரங்களும் மனிதன் எப்போதோ உண்டாக்கி விட்டுச் சென்றவை. அண்டம் முழுவதும் காலியாக இருக்கிறது. அதன் நடுவே ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள முடியாத இரண்டு பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள். இந்த வெறுமையை உணராதவருக்குத் தொடரின் நகைச்சுவை வெறும் வசைமாரியாகவே கேட்கும். ஆகவே நான் தேர்ந்தெடுக்கும் எபிசோட் எதுவாக இருந்தாலும் அந்த வெறுமை அதில் தெரிய வேண்டும் என்று முதல் நாளே தீர்மானித்துக்கொண்டேன்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு முதலிலிருந்து என்பதுதான் நேர்மையான பதில் என்று பலர் சொல்வார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். முதல் எபிசோடின் பெயரே 'தி எண்ட்'. மனித இனத்தின் முடிவில் தொடங்கும் கதைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. லிஸ்டர் விழித்தெழுந்து கலத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரிக்க, ஒவ்வொருவரும் இறந்துவிட்டதாக ஹாலி சலனமே இல்லாத முகத்தோடு சொல்லிக்கொண்டே போகும் காட்சி, இத்தனை முறை பார்த்த பிறகும் என்னைச் சிரிக்கவைத்து உடனே அந்தச் சிரிப்பை நிறுத்தியும் வைக்கிறது. ஆனால் அந்த எபிசோடின் தலையில் சுமை அதிகம். கலத்தையும் அதன் ஊழியர்களையும் காட்டி, அவர்களைக் கொன்று, ஹோலோகிராம் என்றால் என்ன என்று விளக்கி, பூனை இனத்தின் வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் அரை மணி நேரம் தீர்ந்துவிடுகிறது. அரங்கம் முழுவதும் சாம்பல் நிறம். கிரைட்டன் இன்னும் வரவில்லை. தொடர் எதைப் பற்றியது என்பதை அது சொல்லிவிடுகிறது. தொடர் எப்படிப்பட்டது என்பதைக் காட்ட அதற்கு நேரம் இருப்பதில்லை. அன்று என்னோடு பார்த்த உறவினர் அடுத்த எபிசோடைக் கேட்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

1992-ல் இந்தத் தொடரை அமெரிக்காவில் புதிதாக எடுத்துப் பார்க்க ஒரு முன்னோட்ட எபிசோட் தயாரித்தார்கள். அது தொடராக வளரவில்லை. ஆனால் அதைத் தயாரித்தவர்கள் கிரைட்டனை முதல் எபிசோடிலேயே கொண்டுவந்துவிட்டார்கள் என்பதையும், மூலத் தொடரில் அந்தப் பாத்திரத்தில் நடித்த ராபர்ட் லெவலினையே அழைத்துவந்து நடிக்கவைத்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். புதியவரை உள்ளே அழைக்கப் பழைய முதல் எபிசோட் மட்டும் போதாது என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிபிசியில் வந்த 8 சீசன்களில் மொத்தம் 52 எபிசோடுகள். 2009 முதல் டேவ் என்ற அலைவரிசையில் வந்தவை தனி. இவை எல்லாம் ஒரே பெயரில் வந்தாலும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. முதல் இரண்டு சீசன்கள் பெரும்பாலும் படுக்கையறையிலும் நடைவழிகளிலும் நடக்கும் பேச்சு. 1989-ல் வந்த மூன்றாம் சீசனில் தோற்றம் முழுவதும் மாறுகிறது. கிரைட்டன் நிரந்தரமாகிறான். அதுவரை திரையில் நடிகர் நார்மன் லவெட்டின் முகமாக இருந்த ஹாலி, நடிகை ஹேட்டி ஹேரிட்ஜின் முகமாகிறாள். 1993-ல் வந்த ஆறாம் சீசனில் பெரிய கலமே தொலைந்துபோய், ஸ்டார்பக் என்ற சிறு கலத்தில் வாழ்க்கை. 1997-ல் வந்த ஏழாம் சீசனில் அரங்கில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் படம் பிடிக்கும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். எனவே ஓர் எபிசோடைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த 'ரெட் டுவார்ஃப்' என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

நான் செய்த மிகப் பெரிய பிழை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் நெருங்கிய நண்பன் ஒருவனுக்கு 'பேக் டு ரியாலிட்டி'யைப் போட்டுக் காட்டினேன். 1992 மார்ச்சில் ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோடாக ஒளிபரப்பான அதைத் தொடரின் உச்சம் என்று கருதும் ரசிகர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். சிறந்ததைக் காட்டினால் போதும், மற்றவை தாமாக நடக்கும் என்று நம்பினேன். நால்வரும் ஒரு விபத்தில் இறந்துபோகிறார்கள். உடனே வேறோர் இடத்தில் கண்விழிக்கிறார்கள். இதுவரை நடந்ததெல்லாம் நான்கு ஆண்டுகளாக அவர்கள் ஆடிக்கொண்டிருந்த ஒரு கணினி விளையாட்டு என்றும், அதில் அவர்கள் படுமோசமாக ஆடினார்கள் என்றும் அங்கே அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அவர்களின் 'உண்மையான' அடையாளங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. ஒவ்வொருவரும் வாழ்வில் நம்பிக்கை இழந்து சாகத் துணிகிறார்கள். கடைசியில்தான், கடலடியில் வாழும் ஓர் உயிரி கக்கிய மை அவர்களுக்கு உண்டாக்கிய மாயத்தோற்றம் இதெல்லாம் என்று தெரிகிறது.

நண்பன் கவனமாகத்தான் பார்த்தான். முடிந்ததும், "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பல்லு நீண்ட ஆளு எதுக்கு அவ்வளவு இடிஞ்சு போறான்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி என் பிழையை எனக்குக் காட்டிக்கொடுத்தது. பூனைக்கு இந்த அண்டத்திலேயே முக்கியமானது தன் தோற்றம் என்பதை நாற்பது முறை பார்த்தவருக்குத்தான், அவன் கண்ணாடியில் கோணல் பற்களும் அசட்டுத் தலைமுடியுமாகத் தன்னைக் காணும் கணத்தில் நெஞ்சு பதறும். கிரைட்டன் மனித உயிருக்குத் தீங்கு நினைக்கவே முடியாதபடி உருவாக்கப்பட்டவன் என்று தெரிந்தவருக்குத்தான், அவன் கையால் ஒரு மனிதன் சாவதன் பாரம் புரியும். லிஸ்டர் தன்னிடம் வேறொன்றும் இல்லாவிட்டாலும் தான் நல்லவன் என்ற ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு வாழ்ந்தவன்; அவனிடம், நீ ஓர் அடக்குமுறை அரசின் கொலைகார அதிகாரி என்று சொல்லப்படுகிறது. எல்லாவற்றையும் விட நுட்பமானது ரிம்மருக்கு நேர்வது. தன் வாழ்க்கை சீரழிந்ததற்கு முழுக் காரணம் தன் பெற்றோர் வளர்த்த விதம்தான் என்று ஐந்து சீசன்களாகப் புலம்பிவந்தவன் அவன். மாயத்தோற்றத்தில் அவனும் லிஸ்டரும் ஒரே பெற்றோரிடம் ஒரே விதமாக வளர்ந்த சகோதரர்கள்; லிஸ்டர் உயர்ந்த பதவியில், அவன் தெருவில். பழிசுமத்த இனி யாரும் மிச்சமில்லை. அந்த அடியின் வலியை உணர, பார்ப்பவருக்குள் ஐந்து சீசன்களின் புலம்பல் சேர்ந்திருக்க வேண்டும். நான் நண்பனிடம் ஒரு கதையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்து, அழு என்று சொல்லியிருக்கிறேன்.

அதிலிருந்து எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஓர் எபிசோட் பார்ப்பவரிடம் முன்கூட்டியே எவ்வளவு கேட்கிறது, பார்த்து முடித்தபின் அவருக்கு எவ்வளவு தந்தனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். 'பாலிமார்ஃப்' இந்த அளவுகோலில் தோற்றதுதான் எனக்கு வியப்பு. உருமாறும் உயிரி ஒன்று ஒவ்வொருவரிடமிருந்தும் ஓர் உணர்ச்சியை உறிஞ்சிவிடுகிறது. லிஸ்டருக்கு அச்சம் போகிறது, பூனைக்குத் தற்பெருமை, கிரைட்டனுக்குக் குற்றவுணர்வு, ரிம்மருக்குக் கோபம். பாத்திரங்களை அறிமுகம் செய்ய இதைவிட அருமையான வழி உண்டா என்று முதலில் தோன்றியது. ஆனால் இல்லாமல் போனதைக் கண்டு சிரிக்க, இருந்தது என்ன என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கோபம் போன ரிம்மர் குழு அமைத்துத் துண்டறிக்கை கொடுத்துச் சமாதானம் பேசக் கிளம்பும்போது, ரிம்மரை அறியாதவர் அங்கே ஒரு சாதுவான மனிதரைத்தான் காண்பார். இதை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ காட்டலாம்.

'கன்மென் ஆஃப் தி அபாகலிப்ஸ்' 1994-ல் சர்வதேச எம்மி விருது பெற்றது. கிரைட்டனைத் தாக்கிய கணினி வைரஸ் அவனுடைய கனவில் குதிரையும் துப்பாக்கியுமான ஒரு பழைய மேற்கு நகரமாக விரிகிறது. யாரையும் கவரும், சந்தேகமே இல்லை. ஆயினும் அதைக் கண்டு மகிழ்ந்தவர் அடுத்த வாரமும் குதிரைகளை எதிர்பார்ப்பார். காலம் பின்னோக்கி ஓடும் பூமியில் நடக்கும் 'பேக்வேர்ட்ஸ்' எபிசோடிலும் இதே நிலைதான்: அதன் கருத்து அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, மனிதர்கள் அதன் பின்னால் மறைந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் இரவு நான் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு 'மரூண்ட்' எபிசோடை மறுபடி பார்த்தேன். 1989 நவம்பரில், மூன்றாம் சீசனின் இரண்டாவதாக வந்தது. ஹாலி வழியில் ஐந்து கருந்துளைகள் இருப்பதாக எச்சரிக்க, எல்லோரும் கலத்தைவிட்டு வெளியேறுகிறார்கள். லிஸ்டரும் ரிம்மரும் வந்த ஸ்டார்பக் ஒரு பனிக்கோளில் மோதி விழுந்து கிடக்கிறது. மீட்பு எப்போது வரும் என்று தெரியாது. உணவு தீர்ந்துகொண்டே வந்து, நாய்களுக்கான டின் உணவைத் தின்ன வேண்டிய நிலைக்கு லிஸ்டர் வருகிறான். குளிரில் உயிர்பிழைக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் எரிக்கிறான். முதலில் புத்தகங்கள், பணம். பிறகு எரிக்கப் பெரிதாக மிஞ்சியிருப்பவை இரண்டு பொருட்கள்: லிஸ்டர் உயிராக மதிக்கும் கிட்டார்; ரிம்மருக்கு அவன் தந்தை கொடுத்த கற்பூர மரப்பெட்டி.

மேலோட்டமாகச் சொன்னால் இதில் நடப்பது அவ்வளவுதான். ஏறக்குறைய முழு எபிசோடும் ஓர் இடிந்த கலத்தின் உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது. லிஸ்டராக நடிக்கும் கிரெய்க் சார்ல்ஸும் ரிம்மராக நடிக்கும் கிறிஸ் பேரியும் அந்த அரை மணி நேரத்தைத் தோளில் சுமக்கிறார்கள். பார்க்கப் பார்க்க, எழுத்தாளர்கள் இந்தச் சூழ்நிலையை எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. லிஸ்டருக்கு உடல் இருக்கிறது. குளிரும் பசியும் அவனைக் கொல்லும். ரிம்மருக்கு உடல் இல்லை. அவனுக்குக் குளிராது, பசிக்காது, எந்தப் பொருளையும் தொட முடியாது. ஆக, தன் பொருட்களை லிஸ்டர் நெருப்பில் போட்டால் அவனால் தடுக்க முடியாது. லிஸ்டர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அவன் கேட்கிறான். ரிம்மரும் மறுக்கிறான். உரிமை என்பது கைகளால் காப்பாற்றிக்கொள்ள முடியாதவனிடமும் இருக்கிறது என்பதை இந்த இரண்டு பேரும், ஒருவரையொருவர் சகிக்காத இந்த இரண்டு பேரும், எந்த விவாதமும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். ஹோலோகிராம் என்ற அறிவியல் புனைவுக் கருத்தை நான் எங்கும் இவ்வளவு மனிதத்தன்மையோடு கையாண்டு பார்த்ததில்லை.

அதன்பின் லிஸ்டர் ஏமாற்றுகிறான். ரிம்மர் இல்லாத நேரத்தில், ரிம்மரின் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து கிட்டார் வடிவில் ஒரு பலகையை அறுத்தெடுத்து அதை எரிக்கிறான். தன் கிட்டாரையே எரித்துவிட்டான் என்று நம்பும் ரிம்மர் நெகிழ்ந்துபோகிறான். இவ்வளவு பெரிய தியாகத்துக்கு முன்னால் தான் சும்மா இருக்கக் கூடாது என்று எண்ணி, தான் பொக்கிஷமாகப் போற்றும் நெப்போலியன் காலத்துப் பொம்மைப் படைவீரர்களை எரிக்கும்படி தானாகவே கொடுத்துவிடுகிறான். தொடரில் ரிம்மர் செய்யும் முதல் பெருந்தன்மையான செயல் அதுவாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அது ஒரு பொய்யின்மேல் நிற்கிறது. லிஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நல்லவன் கீழே இறங்கியிருக்கிறான், அற்பன் மேலே ஏறியிருக்கிறான், இருவருக்கும் நடுவில் சிறு வீரர்கள் எரிந்துகொண்டிருக்கிறார்கள். அரங்கில் சிரிப்பு கேட்கிறது. அந்தச் சிரிப்போடு சேர்ந்து சிரிக்க முடிகிறது. உள்ளே ஏதோ உறுத்தவும் செய்கிறது. லிஸ்டரும் ரிம்மரும் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இந்தத் தேர்வுக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. பூனையும் கிரைட்டனும் இதில் பெயரளவுக்கே வருகிறார்கள். டேனி ஜான் ஜூல்ஸ் நடிக்கும் பூனையைப் பார்க்காமல் ஒருவர் 'ரெட் டுவார்ஃப்' பார்த்ததாகச் சொல்லிக்கொள்வது பெரிய குறை. பெரிய கலத்தின் உட்புறம் சிறிதளவே தெரிகிறது. காலப் பயணம் இல்லை, இணை அண்டம் இல்லை. அறிவியல் புனைவை விரும்பி வருபவர் ஏமாறக்கூடும். என் தோழி மனிதர்களுக்காகக் கதை படிப்பவள். இயந்திரங்களை நேசிக்கும் ஒருவர் கேட்டிருந்தால், வரப்போகும் நிகழ்ச்சிகளின் எதிரொலிகள் முன்கூட்டியே தெரியும் 'ஃப்யூச்சர் எக்கோஸ்' எபிசோடைக் காட்டியிருப்பேன். கேட்பவரின் முகத்தை நினைக்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று, மூன்றாம் சீசனில் கதைச் சூழலை விளக்கும் முன்னுரை இல்லை. முதல் இரண்டு சீசன்களில் ஒவ்வொரு வாரமும் ஹாலி தோன்றி நிலைமையைச் சொல்லிவிடுவது வழக்கம். அந்த வேலை இப்போது என்மேல் விழுந்தது. எவ்வளவு சொல்வது என்று நான்காம் நாள் முழுவதும் யோசித்து எழுதி அடித்துத் திருத்தியதில் மூன்று வாக்கியங்கள் மிஞ்சின. மனித இனத்தில் எஞ்சியிருப்பவன் இவன் ஒருவன்தான். மற்றவன் செத்துப்போனவன், ஒளியால் ஆனவன், எதையும் தொட முடியாதவன். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது. பூனையைப் பற்றியும் கிரைட்டனைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் யார் என்று அவள் கேட்டால் அது நல்ல அறிகுறி என்று எண்ணிக்கொண்டேன்.

லிஸ்டரின் லிவர்பூல் உச்சரிப்புக்காக வசன வரிகளைப் போட்டுவிட்டுப் படத்தைத் தொடங்கினேன். இடையில் எதையும் விளக்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்; இதற்குமுன் ஒவ்வொரு முறையும், அடுத்து வரப்போவதைச் சிரிப்பதற்கு முன்னாலேயே சுட்டிக்காட்டி, பார்ப்பவரின் சிரிப்பை நானே பறித்திருக்கிறேன். முதல் பத்து நிமிடங்கள் அவள் அமைதியாக இருந்தாள். நாய் உணவைத் தின்னும் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தாள். புத்தகங்கள் எரியத் தொடங்கியபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். லிஸ்டர் பெட்டியைக் கேட்டு ரிம்மர் மறுத்த இடத்தில், "தொட முடியாதுல்ல அவனால? இவன் பாட்டுக்கு எடுத்துக்கலாமே" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். நான் பேசவில்லை. பொம்மை வீரர்கள் எரிந்தபோது அவளிடமிருந்து சிரிப்பு வரவில்லை.

முடிந்தபின் அவள் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்த்தது அல்ல. பூனையைப் பற்றியோ கிரைட்டனைப் பற்றியோ கேட்கவில்லை. "அவங்கப்பா எப்படிப்பட்டவரு? அந்தப் பெட்டியை மட்டும் ஏன் அப்படிப் பிடிச்சுக்கிட்டு இருக்கான்?" என்றாள்.

நான் மனத்தில் வைத்திருந்த வரிசையை அப்போதே மாற்றினேன். இரண்டாவதாக 'தி எண்ட்' காட்டி, முதலிலிருந்து ஒழுங்காகக் கூட்டிச்செல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவளுடைய கேள்விக்கு விடை இருப்பது இரண்டாம் சீசனின் 'பெட்டர் தேன் லைஃப்' எபிசோடில். 30 லட்சம் ஆண்டுகள் தாமதமாக ஓர் அஞ்சல் கலம் வந்து சேர்கிறது. அதில் ரிம்மரின் தந்தை இறந்துவிட்டதாகச் சொல்லும் கடிதம் இருக்கிறது. எப்போதோ மண்ணோடு மண்ணாகிவிட்ட மனிதர்தான். எல்லோரும் இறந்து யுகங்கள் ஆகிவிட்டன என்பது ரிம்மருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் அந்தச் செய்தி அன்றுதான் அவனை வந்தடைகிறது. ஓர் அங்குல உயரக் குறைவால் விண்படையில் சேர முடியாமல் போன அந்தத் தந்தை, தன் மகன்களுக்கும் அந்தக் குறை வந்துவிடக் கூடாது என்று அவர்களை இழுவைப் பலகையில் படுக்கவைத்து உடலை நீட்டியவர். விண்வெளி வழிகாட்டல் பற்றிய கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் சாப்பாடு போட்டவர். ரிம்மர் இதையெல்லாம் லிஸ்டரிடம் சொல்கிறான். வெறுப்பதற்கு எல்லா நியாயமும் உள்ள ஒருவருக்காக அவன் துக்கப்படுகிறான்.

ஒன்றுதான் பார்ப்பேன் என்று சொன்னதைத் தோழிக்கு நான் நினைவூட்டவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாம் எபிசோட் ஓடத் தொடங்கியது. அஞ்சல் வந்து சேர்ந்து, ரிம்மரின் கடிதத்தை லிஸ்டர் பிரித்து உரக்கப் படிக்கத் தொடங்கியபோது, அவன் கடிதத்தை இவன் ஏன் படிக்கிறான் என்று அவள் கேட்கவில்லை.